திருப்பிப் பார்க்காத அட்டை

போஹாங்,
18 செப்டம்பர் 1995

சேசுவுக்குத் தோத்திரம்.

மரியாதைக்குரிய ஃபேபியன் சாமியார் அவர்களுக்கு, அக்கா அப்பொலோனியா எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தானும் என் வாயில் மீதமிருக்கும் இருபத்தொரு பற்களும் நலம். உல்லுங் தீவில் உங்கள் உடம்பு எப்படி? மூட்டு வலி குறைந்ததா?

உங்களுக்குக் குருப்பட்டம் கொடுத்த அன்று அம்மா ஒரு சட்டம் போட்டார்: "இனிமே இவரை யாரும் நீ வா போன்னு பேசக் கூடாது." உங்கள் மூக்கை என் பாவாடையில் துடைத்துவிட்ட நான் இருபது வருடமாக 'அவர்கள்' போட்டு எழுதுகிறேன். இதற்காவது மோட்சத்தில் ஒரு முக்காலி கிடைக்க வேண்டும். போனில் பேசலாம் என்றால் நீங்கள் மூச்சு மட்டும்தான் விடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். எனக்குப் பதவி உயர்வு. எங்கள் கோவில் வாசலில் இளைஞர்களுக்கென்று ஒரு கேள்விப் பெட்டி இருக்கிறது. ஆப்பிள் பெட்டிக்குத் தங்கக் காகிதம் ஒட்டியது. பெயர் போடாமல் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். பதில் ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கொடுக்கும் பங்கு மடலில் வரும். இத்தனை நாள் உபதேசியார் பதில் எழுதினார். எல்லாக் கேள்விக்கும் 'செபம் செய்யுங்கள்' என்பதே பதில். கோவில் கழிப்பறைச் சாவி எங்கே என்று ஒருவன் கேட்டதற்கும் அதேதான். பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டு, "நீங்கதான் பேப்பர்ல வாரா வாரம் ஊரையே சிரிக்க வைக்கிறீங்களே, இதையும் பாருங்க" என்றார். ஊர் வம்பு எழுதிப் பிழைக்கிறவளிடம் ஊரின் ரகசியத்தைக் கொடுத்திருக்கிறார். பூனையிடம் மீன் கூடையைக் கொடுத்துவிட்டு அவர் நிம்மதியாகத் தூங்குகிறார்.

சனிக்கிழமை தோறும் ஜித்தா என்கிற பெண் பெட்டியைத் திறந்து, வந்த தாள்களை உறையில் போட்டு என் வீட்டுக்குக் கொண்டுவருவாள். வயது இருபத்து மூன்று. சந்தை முனைக் கண்ணாடிக் கடையில் எல்லோருக்கும் கண் பார்க்கிறவள். என் மூக்குக் கண்ணாடியும் அவள் போட்டதுதான். பங்கு மடல் எழுநூறு பிரதியையும் அவள்தான் மடிக்கிறாள். நான் ஒரு நகைச்சுவை சொன்னால் தேநீர் ஒரு வாய் குடித்துவிட்டு, யோசித்து, பிறகு சிரிப்பாள். தாமதமாக வந்தாலும் நல்ல சிரிப்பு.

இந்த வாரக் கேள்விகளுக்கு உங்கள் படிப்பு தேவை:

ஒன்று, ஒருசந்தி உபவாச நாளில் முத்தம் கொடுத்தால் ஒருசந்தி முறியுமா?

இரண்டு, சாமியார்களுக்கு ஆசை வருமா? வந்தால் யாரிடம் சொல்வார்கள்?

மூன்று, கல்யாணத்துக்கு முன்னால் ஒரே அறையில் தங்கிவிட்டோம், ஆனால் அந்தக் குளிரில் விடுதியின் அந்த ஓர் அறையில்தான் தரை சூடாக இருந்தது, பாவத்தில் ஏதும் கழிவு உண்டா?

சீக்கிரம் பதில் போடுங்கள். இரண்டாவது கேள்வியை நான் எழுதியதாகச் சந்தேகப்பட வேண்டாம்.

அன்புடன்,
அக்கா அப்பொலோனியா


உல்லுங் தீவு,
6 அக்டோபர் 1995

சேசுவுக்குத் தோத்திரம்.

அன்புள்ள அப்பொலோனியா சகோதரிக்கு,

நலம். அத்தானுக்கு என் விசாரிப்பு.

ஒன்று: முறியாது. ஆனால் கேட்டவர் ஒருசந்தி இருப்பவராகத் தெரியவில்லை.
இரண்டு: வரும். இன்னொரு சாமியாரிடம்.
மூன்று: கழிவு இல்லை.

காய்ந்த கணவாய் இருபது அனுப்பியிருக்கிறேன்.

கிறிஸ்துவில்,
ஃபேபியன் சாமியார்


போஹாங்,
23 அக்டோபர் 1995

சேசுவுக்குத் தோத்திரம்.

மரியாதைக்குரிய சாமியார் அவர்களுக்கு,

பல்வலிக்காரர்களின் பாதுகாவலியான அர்ச்சியசிஷ்ட அப்பொலோனியாவின் பெயரை ஞானஸ்நானத்தில் வாங்கி, பதினோரு பல்லைப் பறிகொடுத்த அக்காவுக்கு வருடா வருடம் காய்ந்த கணவாய் அனுப்புகிற தம்பி உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். அத்தான் சுத்தியலால் தட்டித் தின்கிறார். ஞானஸ்நானம் பெறாதவருக்குப் பல் மட்டும் எப்படி இவ்வளவு உறுதி என்பதை ஒருநாள் பெட்டியில் கேட்கப்போகிறேன்.

உங்கள் பதில்களை அப்படியே போட்டேன். கோவிலில் பிரசங்கத்தின்போது ஜனங்கள் மடலைப் படித்துச் சிரிக்கிறார்கள். பங்குச் சாமியாருக்குப் பாதி சந்தோஷம், பாதி வயிற்றெரிச்சல். பெட்டியில் இப்போது வாரத்துக்கு முப்பது தாள். பாதி காதல், கால்வாசி தேர்வு. மிச்சம் வேறு மாதிரி. 'வாழப் பிடிக்கவில்லை என்று சொல்வது பாவமா, அலுப்பா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். 'அலுப்புத்தான், ஆனால் தனியாகப் படாதீர்கள், யாரிடமாவது சொல்லுங்கள்' என்று எழுதி, இலவச உதவித் தொலைபேசி எண்ணையும் கீழே போட்டேன். நகைச்சுவை எதுவும் வரவில்லை.

நம் ஊர் சங்ஜுவிலிருந்து பெரியப்பா வீட்டு ஆட்கள் ஒரு பெட்டி சீமைப்பனிச்சம் பழம் அனுப்பினார்கள். பழத்தைப் பார்த்ததும் தேதி ஞாபகம் வந்தது. நம் சின்னத் தம்பி வோன்ஷிக் போய் இந்த மாதத்தோடு இருபத்தைந்து வருடம். இருபது வயசில் தானே உயிரை விட்டான் என்பதற்காக அன்றைய சாமியார் அடக்கப் பூசை வைக்க மாட்டேன் என்றார். அப்பா, நம் பழத்தோப்புக்குப் பின்னால் குழி வெட்டச் சொன்னார். குருமட விடுமுறையில் வந்திருந்த நீங்கள் மண் போட்டீர்கள். நான் அப்போதுதான் கல்யாணமாகி இங்கே இருந்தேன். கடைசி வாரம் அவனோடு வீட்டில் இருந்தது நீங்கள்தான். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்டதில்லை. வாயாடி என்று பெயரெடுத்தவள் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அது.

கேட்டுவிட்டேனோ? சரி, விடுங்கள். மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா?

அன்புடன்,
அக்கா


போஹாங்,
11 டிசம்பர் 1995

சேசுவுக்குத் தோத்திரம்.

மரியாதைக்குரிய சாமியார் அவர்களுக்கு,

அக்டோபர் கடிதத்துக்கு இரண்டு தடவை கணவாய் வந்தது, பதில் வரவில்லை. சந்தோஷம்.

இப்போது எழுதுவது விளையாட்டில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய பாவசங்கீர்த்தன அட்டைகள் வீடு வீடாகக் கொடுத்தாயிற்று. உங்கள் பங்கிலும் அதே வழக்கம்தானே: பெயர், ஞானப்பெயர், வட்டாரம் எல்லாம் முன்பக்கம் அச்சிட்டிருக்கும், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் முடித்ததும் கூடையில் போட வேண்டும், போடாதவர் வீட்டுக்கு வட்டாரத் தலைவி வந்து, "என்னாச்சு, உடம்பு சரியில்லையா?" என்று பாசமாகக் கழுத்தைப் பிடிப்பாள். இந்த வருடம் கூடையையும் என் கேள்விப் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை ஜித்தா கொண்டுவந்த உறையில் வெள்ளைத் தாள்களுக்கு மேலே அப்படி ஓர் அட்டை. பின்பக்கம் பார்க்க இருந்தது. அதில் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்:

'நான் ஒரு பெண்ணை நேசிக்கிறேன். நானும் பெண். அவளிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல முடியாதபோது என் கையையே காயப்படுத்திக்கொள்கிறேன். அது போதாது என்று இப்போதெல்லாம் தோன்றுகிறது. என்னைப் போன்றவள் செத்தால் பூசை வைப்பார்களா?'

கடைசி வரியைப் படித்ததும் நான் அடுப்பை அணைத்துவிட்டு, அதை மறுபடியும் படித்தேன். உங்களுக்கு ஏன் என்று தெரியும்.

பாவம், அவசரத்தில் கையில் கிடைத்த அட்டையில் எழுதி, கூடை என்று நினைத்துப் பெட்டியில் போட்டிருக்கிறாள். திருப்பினால் பெயர் தெரிந்துவிடும். பெயர் கேட்க மாட்டோம் என்று பெட்டியின் மேலேயே எழுதியிருக்கிறது. அட்டையை அரிசி டப்பாவுக்குக் கீழே, கேள்வி எழுதிய பக்கம் மேலே இருக்கும்படி வைத்திருக்கிறேன். ஊரில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று தெரிந்துகொள்ளாமல் தூங்காதவள் நான். இரண்டு நாளாகத் திருப்பவில்லை. என்ன செய்யட்டும்? உடனே எழுதுங்கள்.

அக்கா


உல்லுங் தீவு,
13 டிசம்பர் 1995

சேசுவுக்குத் தோத்திரம்.

அன்புள்ள அப்பொலோனியா சகோதரிக்கு,

அட்டையைத் திருப்பாதீர்கள். பாவசங்கீர்த்தனக் கூண்டில் காதில் விழுந்ததைப் போல வைத்துக்கொள்ளுங்கள். நம்பிக் கேட்டவரின் பெயர் நமக்கு வேண்டாம்.

பதில்: பூசை வைப்பார்கள். திருச்சபைச் சட்டம் மாறிப் பன்னிரண்டு வருடமாகிறது. அப்படி இறந்தவர்களின் மீட்பைக் குறித்து யாரும் நம்பிக்கை இழக்கக் கூடாது என்று புதிய உபதேசப் புத்தகத்திலும் இருக்கிறது. இதைப் போடுங்கள். மருத்துவரைப் பார்க்கச் சொல்லியும் போடுங்கள். நான் செபிக்கிறேன்.

அலை அதிகம். படகு எந்த நாளும் நிற்கலாம்.

கிறிஸ்துவில்,
ஃபேபியன் சாமியார்


போஹாங்,
18 டிசம்பர் 1995

சாமியார் அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். நேற்றைய மடலில் பூசையைப் பற்றியும் உபதேசப் புத்தகத்தைப் பற்றியும் மருத்துவரைப் பற்றியும் போட்டேன். அவள் பயந்துவிடக் கூடாதே என்று கடைசியில் நானாக ஒரு வரி சேர்த்தேன்: 'கேட்டவருக்கு: உங்கள் அட்டை என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நான் திருப்பிப் பார்க்கவில்லை.' எழுதும்போது என் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. அப்பொலோனியா, உன்னாலும் ஒரு ரகசியம் காக்க முடிகிறதடி என்று.

இன்று அந்த நெஞ்சு சுருங்கிவிட்டது. பூசையில் ஒவ்வொரு பெண்ணின் கையையும் பார்த்தேன். குளிர்காலம், எல்லோரும் முழங்கை வரை கம்பளி. நன்மை அப்பம் வாங்கப் போகிறவர்களை எண்ணினேன். யார் வரவில்லை என்று எப்படித் தெரியும்? வட்டாரத் தலைவி யூலியானா வேறு, "நாலாம் வட்டாரத்துல இன்னும் ஒம்பது பேர் அட்டை வரலக்கா, புதன்கிழமை கிளம்பறேன்" என்கிறாள். அவள் அந்த வீட்டுக்குப் போய் அம்மாவின் முன்னால் வைத்து, "ஏன்டி பாவசங்கீர்த்தனம் பண்ணல?" என்று கேட்டால் என்ன ஆகும்?

மனசு சரியில்லாமல் போனதில் என் நகைச்சுவையும் செத்துவிட்டது. முந்தாநாள் ஜித்தாவுக்கு என் பல் வைத்தியர் கதையைச் சொன்னேன். தேநீர் குடித்தாள், யோசித்தாள், சிரிக்கவே இல்லை. "அம்மா, இந்த வாரக் கேள்விக்கெல்லாம் பதில் எழுதிட்டீங்களா?" என்றாள். "எல்லாம் எழுதிட்டேன், போடி" என்றேன். போய்விட்டாள்.

மன்ஷிக், எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மா போட்ட சட்டம் கிடக்கட்டும், இப்போது உன்னை வீட்டுப் பெயர் சொல்லி நீ என்றுதான் கூப்பிடப்போகிறேன். நம்பி வந்த பெயரைக் காப்பது சரி. ஆளை யார் காப்பது? வோன்ஷிக் உன்னிடம் ஏதாவது கேட்டானா? அன்றைக்குக் கேட்டானா? நீ என்ன சொன்னாய்?

அக்கா தொக்சுன்


தந்தி
உல்லுங் தீவு, 21 டிசம்பர் 1995

அக்கா அட்டையைத் திருப்பு உடனே போ
மன்ஷிக்


உல்லுங் தீவு,
22 டிசம்பர் 1995

அக்கா,

தந்தி கிடைத்திருக்கும். அதற்கு முன் மூன்று தடவை போன் செய்தேன். உன் "ஹலோ, யாரது, கடன்காரனா?" கேட்டதும் வாய் வரவில்லை, வைத்துவிட்டேன். படகு இன்று கிளம்பவில்லை. இந்தக் கடிதம் எப்போது வரும் என்று தெரியாது.

கேட்டான்.

அன்று நான் ஏணியில் நின்று பழம் பறித்துக்கொண்டிருந்தேன். வோன்ஷிக் கீழே கூடையைப் பிடித்துக்கொண்டிருந்தான். "அண்ணா, ஒரு பையன் இன்னொரு பையனையே நெனச்சிட்டு இருந்தா அது பாவமா?" என்றான். ஆமாம் என்றேன். இன்னும் இரண்டு பழத்தைக் கூடையில் வாங்கிக்கொண்டு, "அவன் செத்துப்போறதும் பாவமா?" என்றான். இரண்டும் சாவான பாவம் என்று சொல்லி, ஏன் என்பதற்குக் காரணங்களையும் வரிசையாகச் சொன்னேன். அந்த மாதம்தான் படித்திருந்தேன். தேர்வில் அதற்கு முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

"சரிண்ணா" என்றான். கூடை நிறைந்துவிட்டது, கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தான். மறுபடியும் பிடித்தான்.

நான்கு நாள் கழித்துப் போய்விட்டான்.

நான் ஏணியிலிருந்து இறங்கவில்லை, அக்கா. யாரைப் பற்றிக் கேட்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. யார் என்று தெரிந்தால் பாடத்தில் படித்த சரியான பதிலைச் சொல்ல முடியாது என்று உள்ளுக்குள் அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பதிமூன்றாம் தேதி உனக்கு எழுதியபோதும் நான் அந்த ஏணியில்தான் நின்றேன்.

தினமும் பூசையில் அவனுக்காக வேண்டிக்கொள்கிறேன். மனசுக்குள். பெயரை ஒருநாளும் சத்தமாகச் சொன்னதில்லை.

அந்தப் பெண் எப்படி இருக்கிறாள்?

மன்ஷிக்


உல்லுங் தீவு,
9 ஜனவரி 1996

அக்கா,

படகு மூன்று முறை வந்து போயிற்று. உன்னிடமிருந்து எதுவும் இல்லை. உனக்கு உடம்பு சரியில்லையா? அத்தான் நலமா? போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு வரி போடு. திட்டியாவது போடு.

சமையல்காரம்மா, "சாமி, துறைக்கு அவ்வளவு தடவை நடந்தா மூட்டு என்னத்துக்காகும்?" என்கிறார்.

தம்பி


போஹாங்,
12 ஜனவரி 1996

சேசுவுக்குத் தோத்திரம்.

அன்புள்ள தம்பி மன்ஷிக்குக்கு,

இருக்கிறாள். முதலில் அதைப் படித்துவிட்டு மூச்சு விடு.

இருபத்தைந்து வருடம் நீ எனக்கு அதைச் சொல்லவில்லை. நான் உன்னை இருபத்திரண்டு நாள் காக்க வைத்தேன். ஆனால் வேண்டுமென்றே இல்லை. 'உங்க தம்பிகிட்டக்கூட நான் சொல்ற வரைக்கும் சொல்லாதீங்க' என்று அவள் சத்தியம் வாங்கியிருந்தாள். நேற்றுத்தான், "எழுதுங்கம்மா, பாவம் அவரு" என்றாள். 'நலம்' என்று ஒரு தந்தி கொடுத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அதற்கு என்னைத் திட்டு.

தந்தி வந்தவுடன் அரிசி டப்பாவைத் தள்ளி அட்டையைத் திருப்பினேன். பியோ மிரான். ஞானப்பெயர் ஜித்தா. நாலாம் வட்டாரம்.

வாராவாரம் எனக்கு எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்தவள். நான் சொன்ன பல் வைத்தியர் கதையைக் கேட்டவள். அவள் சிரிக்காததற்கு என் நகைச்சுவையைக் குறை சொன்னேன் பார், என்னைப் போல ஒரு தற்பெருமைக்காரியைச் சர்வேசுரன் இரண்டாவது தடவை படைக்கவே கூடாது.

செருப்பைக்கூட மாற்றாமல் கண்ணாடிக் கடைக்கு ஓடினேன். மத்தியானம், கடையில் ஆளில்லை. கண் பார்க்கிற எழுத்துப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, கண்ணாடி லூசாயிடுச்சா?" என்றாள்.

நான் அட்டையை அவள் முன்னால் வைத்தேன். பெயர் மேலே தெரிகிற மாதிரி.

அவள் அதைப் பார்த்தாள். துணியைக் கீழே வைத்தாள். "இவ்வளவு நாள் ஆச்சாம்மா உங்களுக்கு?" என்றாள்.

"யாருக்கும் தெரியக் கூடாதேன்னுதான்டி திருப்பாம வச்சிருந்தேன். நீ தப்பா இதுல எழுதிட்டேன்னு நெனச்சேன்."

"தப்பா எழுத எங்க வீட்ல வேற பேப்பரே இல்லியா? அந்தப் பெட்டி மேல வெள்ளைத் தாள் வெட்டி வைக்கிறதே நான்தாம்மா. உறையில மேலாக்க வச்சதும் நான்தான். திருப்பிப் பாக்கட்டும்னுதானே அதுல எழுதினேன். சனிக்கிழமை வந்தேன், ஒண்ணும் சொல்லலை. ஞாயித்துக்கிழமை மடல்ல 'திருப்பிப் பார்க்கவில்லை'ன்னு போட்டிருந்தீங்க. எழுநூறு தாள், நான்தான் மடிச்சேன்."

 இத்தனை வருடம் வார்த்தையை விற்றுச் சாப்பிட்டவள், அந்தக் கடையில் மாட்டியிருந்த நூறு கண்ணாடிகளும் என்னையே பார்க்க, வாயைத் திறந்தபடி நின்றேன். கடைசியில், "சாப்பிட்டியா?" என்றேன். அப்போதுதான் அழுதாள். கடையைப் பூட்டச் சொல்லி வீட்டுக்குக் கூட்டிவந்தேன். கிறிஸ்துமஸ் வரை எங்களோடுதான் இருந்தாள். அவள் அம்மாவிடம், 'மடல் வேலை நிறைய, அனுப்பிவையுங்கள்' என்றேன். இந்தப் பொய்யை உன்னிடம் பாவசங்கீர்த்தனமாகவே வைத்துக்கொள். யூலியானாவிடம் அட்டை என்னிடம் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அது உண்மை.

செவ்வாய் தோறும் தேகுவில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போகிறேன். உன் போன் மணி அடித்துக்கொண்டே இருந்ததற்கு அதுதான் காரணம். டாக்டரம்மா அவளைப் பேச விட்டுக் கேட்கிறார், மாத்திரையும் கொடுத்திருக்கிறார். அது ஒரே மாதத்தில் சரியாகிற விஷயமில்லையாம். நல்ல நாளும் வருகிறது, கெட்ட நாளும் வருகிறது. கெட்ட நாளில் எனக்குப் போன் செய்கிறாள். பேசாமல் மூச்சு மட்டும் விடுகிறாள். உன்னால் எனக்கு அதில் நல்ல பயிற்சி.

ஒருநாள் பஸ்ஸில், "நான் பாவியாம்மா?" என்று கேட்டாள். உபதேசப் புத்தகத்தில் இருப்பதைச் சொன்னேன். கசப்பான வரியும் இருக்கிறது, மரியாதையோடும் பரிவோடும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற வரியும் இருக்கிறது, எதையும் ஒளிக்கவில்லை. "உங்களுக்கு என்ன தோணுது?" என்றாள். "நீ ஒருத்திய நெனச்சுக்கிட்டு கண்ணாடி தொடைக்கறதுல சர்வேசுரனுக்கு என்ன நஷ்டம்னு எனக்குப் புரியலடி. உனக்கு வலிக்கறதுதான் அவருக்கும் வலிக்கும்னு தோணுது" என்றேன். தப்பென்றால் நீ திருத்தி எழுது, அவளிடம் காட்டுகிறேன்.

பிறகு உன் நீளக் கடிதத்தை நான் மட்டும் படித்தேன். இரண்டு தடவை. அதைப் பற்றி இப்போது எழுத மாட்டேன். உன்னைக் குற்றம் சொல்லவும் மாட்டேன், பரவாயில்லை என்றும் சொல்ல மாட்டேன். உனக்கு அப்போது இருபத்திரண்டு வயசு.

உடம்பைப் பார்த்துக்கொள். துறைக்கு நடக்காதே.

அக்கா தொக்சுன்


உல்லுங் தீவு,
26 பிப்ரவரி 1996

(உறையில் கடிதம் இல்லை. உயிர்ப்புத் திருநாளான பாஸ்குவுக்கு முந்தைய பாவசங்கீர்த்தன அட்டை ஒன்று மட்டும். பின்பக்கம் எழுதியிருந்தது:)

'கேள்விப் பெட்டிக்கு. அந்தப் பெண்ணுக்கு நீங்கள் சொன்ன பதிலில் நான் எதையும் திருத்தவில்லை. என் கேள்வி வேறு. கேட்டவன் முகத்தைப் பார்க்காமல் சரியான பதில் சொன்ன ஒருவன், இருபத்தைந்து வருடம் கழித்து என்ன செய்யலாம்?'


போஹாங்,
4 மார்ச் 1996

சேசுவுக்குத் தோத்திரம்.

கேட்டவருக்கு,

உங்கள் அட்டை கிடைத்தது. வந்த உடனே, வாசலிலேயே நின்று திருப்பிப் பார்த்தேன். க்வாக் மன்ஷிக் என்று கையால் எழுதியிருக்கிறது. ஞானப்பெயர் எழுத வேண்டிய இடம் காலி. வட்டாரம் என்ற இடத்தில் சங்ஜு, பழத்தோப்பு என்று இருக்கிறது.

பதில்: பாஸ்கு முடிந்த செவ்வாய்க்கிழமை முதல் படகில் வரவும். பூசை உடுப்பும் கிண்ணமும் எடுத்து வரவும். நான் துறையில் நிற்பேன். தோப்புக்குப் பின்னால் புல் மண்டியிருக்கும், அத்தான் அரிவாள் கொண்டுவருகிறார். ஞானஸ்நானம் இல்லாதவர் கல்லறைப் பூசைக்குப் புல் வெட்டலாமா என்று கேட்கிறார், அதற்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளவும். எனக்குப் பாட்டு வராது, ஆனாலும் பாடுவேன். டாக்டரம்மாவைப் பார்க்கும் நாளைப் புதன்கிழமைக்கு மாற்றிக்கொண்டு ஜித்தாவும் வருகிறாள். நானாகக் கூப்பிடவில்லை. தோப்புக்குப் பின்னால் கிடக்கிற நம் தம்பிக்குப் பூசை என்று மட்டும் சொன்னதற்கு, "அவரு பேரு என்னம்மா?" என்று கேட்டாள், சொன்னேன். "அந்தப் பேரைச் சத்தமா சொல்லிப் பூசை வைக்கும்போது நான் அங்க இருக்கணும்" என்றாள்.

அதனால் சத்தமாகச் சொல்ல வேண்டும். மூச்சு மட்டும் விட்டால் போதாது.

கணவாய் வேண்டாம்.

அக்கா